வியாழக்கிழமை கேக்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் மாதம் ஒரு தாள் வரும். ஊழியர் மடல் என்று பெயர். யார் புதிதாகச் சேர்ந்தார், யார் எந்த மாநாட்டுக்குப் போய்வந்தார், யார் என்ன பயிற்சி முடித்தார், யாருக்குப் பேரன் பிறந்தான் எல்லாம் அதில் இருக்கும். அச்சகத்திலிருந்து எடுத்துவந்து தொண்ணூற்றிரண்டு பேருடைய பெட்டிகளில் போடுவது என் வேலை. போடுவேன், படிக்க மாட்டேன். ஏழாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் படிக்காததற்குக் காரணம் அது இல்லை. நல்ல காகிதத்தில் அச்சடித்து வருவதை நான் நம்புவதில்லை. கப்பல் கட்டும் தளத்தை மூடமாட்டோம் என்றும் எங்களுக்கு நல்ல வழவழப்பான காகிதத்தில்தான் அடித்துக் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் மூடினார்கள். அதற்குப் பிறகுதான் நான் இந்த நூலகத்துக்கு வேன் ஓட்ட வந்தேன்.

மடலில் பெயர் வந்தவர் கேக் கொண்டுவர வேண்டும். இது எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதாத சட்டத்தை மீற முடியாது, அதுதான் சங்கடம். சேதி யாருடையதோ கேக்கும் அவருடையது. சாப்பாட்டு அறை மேசையில் கேக் இருந்தால், "இன்னைக்கு யாரு சேதி?" என்று கேட்டுக்கொண்டேதான் எல்லாரும் முள்கரண்டியை எடுப்பார்கள். விவாகரத்து ஆனதற்குக்கூட ஒருத்தன் கொண்டுவந்தான். ஆப்பிள் கேக். நன்றாகவே இருந்தது.

கெர்டா லௌரிட்சன் அடித்தளத்தில் வேலை பார்த்தாள். தரைக்குக் கீழே இரண்டு மாடி. ஜன்னல் கிடையாது, வெளியே பனி கொட்டினாலும் வெயில் அடித்தாலும் உள்ளே ஒரே குளிர்ச்சி. இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தின் மேல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பக்கத்தில் இருக்கிற சக்கரத்தைச் சுற்றினால் ஒரு அலமாரி நகர்ந்து ஆள் நுழையச் சந்து விடும். அதே நேரத்தில் இன்னொரு சந்து மூடிக்கொள்ளும். மூடுகிற சந்துக்குள் யாராவது குனிந்து நின்றால் அவர் கதி அதோகதி. அதனால் சக்கரத்தில் கை வைப்பதற்கு முன் இரும்பில் மூன்று தட்டுத் தட்டி, "உள்ள ஆள் இருக்கா?" என்று கத்த வேண்டும். பதில் இல்லையென்றால்தான் சுற்றலாம்.

மேலே வாசகர் எழுதிக் கொடுக்கிற சீட்டு, காற்றுக் குழாய் வழியாக டப்பென்று வந்து கூடையில் விழும். கெர்டா எண்ணைப் பார்ப்பாள், நடப்பாள், தட்டுவாள், கத்துவாள், சுற்றுவாள், எடுப்பாள், லிஃப்டில் ஏற்றுவாள். ஒரு புத்தகத்துக்கு நாலு நிமிஷம். இருபத்தாறு வருஷம் இதே வேலை. அவள் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது.

காலை ஆறிலிருந்து ஒரு மணி வரை அவள் நேரம். அந்த நேரம்தான் அவளுக்கு உயிர். ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் ஒரே கட்டடம். அவள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. அவள் புருஷன் எய்னர் துறைமுகத்துப் பக்கம் இருந்த இறைச்சிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் பன்றிக்கு எலும்பு எடுத்தவன். ஒரு தொடையில் எலும்பு உருவ அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் மூளையிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போக ஆரம்பித்தது. முதலில் தெருப் பெயர். பிறகு மகள் பெயர். அந்த மகள் கிரீன்லாந்தில் ஆசிரியை, கோடைக்கு ஒருமுறை வருவாள். பிறகு என் பெயர். இப்போது நான் அவனுக்கு இறைச்சிக்கூடத்து மேஸ்திரி.

காலையில் மாத்திரை மயக்கத்தில் தூங்குவான். பதினோரு மணிக்கு நான் வேனை நிறுத்திவிட்டு மேலே போய், கறுப்பு ரை ரொட்டியில் ஈரல் பசை தடவிக் கொடுத்து, காபி ஊற்றி வைத்துவிட்டு வருவேன். ஒன்றரைக்குக் கெர்டா வந்துவிடுவாள். நாலு மணி வரைக்கும் பிரச்சனை இல்லை. நாலுக்கு மேல் அவனுக்குக் கால் நிற்காது. வேலைக்குக் கிளம்புவான்.

"மேஸ்திரி, இன்னைக்கு எத்தனை பன்னி?"

முதல் தடவை நான் தெரியாமல் நானூறு என்று சொல்லிவிட்டேன். ரப்பர் பூட்ஸைத் தேடி அலமாரியைக் கவிழ்த்துவிட்டான். பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

"இன்னைக்கு ஸ்ட்ரைக், எய்னர்."

"அப்படியா? எத்தனை நாளு?"

"தெரியல. பேச்சுவார்த்தை நடக்குது."

"விடாதீங்க. கூலியில ஒரு க்ரோன் கொறஞ்சாலும் ஒத்துக்காதீங்க" என்பான். நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான்.

நூலகத்தில் ஒருத்தருக்கும் இது தெரியாது. கெர்டா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரியில் அவளைக் கூப்பிட்டு வருஷாந்திரப் பேச்சு நடத்தினான் ஹென்னிங். அவன் எங்கள் பிரிவுத் தலைவன். ஹென்னிங்கை எல்லாரும் நீ, வா, போ என்றுதான் பேசுவோம். அதனால் அவன் எங்களில் ஒருத்தன் ஆகிவிட மாட்டான். அன்று வேனில் திரும்பும்போது தெருவில் பனி உருகிச் சேறாக இருந்தது. கெர்டா கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னான்?" என்றேன்.

"காபி குடுத்தான். மேசையில மெழுகுவத்தி கொளுத்தி வச்சிருந்தான்."

"மெழுகுவத்தியா? அப்ப விஷயம் மோசம்."

"'அஞ்சு வருஷம் கழிச்சு உன்ன எங்க பாக்குற கெர்டா'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"கீழன்னேன்."

நான் சிரித்தேன்.

"நீ சிரிக்கிற. அவன் சிரிக்கல. எழுதிக்கிட்டான்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "குழாய எடுக்கப் போறாங்களாம். சீட்டு இனிமே கம்ப்யூட்டர்ல வருமாம். ஆகஸ்ட் ஒண்ணுக்குள்ள எல்லாரும் அந்தக் கம்ப்யூட்டர் லைசென்ஸ் எடுக்கணுமாம். எடுக்காதவங்க பேரு பட்டியலுக்குப் போயிருமாம்."

"எந்தப் பட்டியல்?"

"மறுபணி. வேற எடத்துல வேலை பாத்துக் குடுப்பாங்களாம்."

அந்தப் பட்டியலில் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வேறு இடத்தில் வேலை பார்த்து நான் பார்த்ததில்லை. மதிய நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கத்தான் பார்த்திருக்கிறேன்.

"எனக்கும் லைசென்ஸ் இருக்கு, முப்பத்தேழு வருஷமா. அதுக்கு ஒருத்தனும் கேக் கேக்கல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "வீட்டப் பத்திக் கேட்டானா?"

"கேட்டான். ஃபாரத்துல அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. எல்லாம் நல்லா இருக்குன்னேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? நகராட்சிக்குப் போன் போடுவான். நல்லவன்தான, கண்டிப்பாப் போடுவான். அவங்க வந்து ஒரு ஃபைல் தொறப்பாங்க. எங்கம்மாவுக்கும் தொறந்தாங்களே. நல்லா கவனிச்சுக்கறோம்னு முதியோர் விடுதிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பதினோரு வாரம். ஃபைலயும் மூடிட்டாங்க, அம்மாவையும் மூடிட்டாங்க."

நானும் அதே ஜாதி. அலுவலகம் என்றால் ஆயிரம் கேள்வி கேட்பவன்.

லைசென்ஸுக்கு எட்டு செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு. மேட்டுத்தெருவில் இருக்கிற பயிற்சிக்கூடத்துக்கு நான்தான் வேனில் கொண்டுபோய் விட்டேன். கெர்டா மக்கு இல்லை. வீட்டில் ஒரு அட்டையில் கம்ப்யூட்டரில் தட்டுகிற எழுத்துக் கட்டைகளை வரைந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துத் தட்டிப் பழகினாள். எதிரே எய்னர் உட்கார்ந்து, தானும் ஒவ்வொரு எழுத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான், கறி பதமா என்று பார்ப்பதுபோல. "இது நல்லாருக்கு, இது கொழுப்பு" என்பான். அவள் "சரி, கொழுப்ப ஓரமா வை" என்று சொல்லிக்கொண்டே தட்டுவாள்.

தேர்வு மார்ச் கடைசியில், காலை பத்து மணி. மழையும் பனியும் கலந்து அடித்தது. நான் வேனில் காத்திருந்தேன். பிளாஸ்கைத் திறந்து ஒரு கோப்பை ஊற்றினேன். அதைக் குடித்து முடிக்கவில்லை, கெர்டா கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கதவப் பூட்டினேனா ஹோல்கர்?"

"எந்தக் கதவு?"

"வீட்டுக் கதவு! காலையில வெளியில பூட்டினேனா? கை சாவியத் திருப்புன ஞாபகமே இல்ல. முத கேள்விக்குப் பதில் அடிச்சுட்டேன், ரெண்டாவதும் அடிச்சுட்டேன். மூணாவதுல கதவு வந்து நின்னுடுச்சு. ஓட்டு, சீக்கிரம் ஓட்டு!"

துறைமுகத்து விளக்கில் சிவப்பு விழுந்தும் நிற்காமல் ஓட்டினேன். மூன்று மாடியையும் அவள் எனக்கு முன்னால் ஏறினாள். நான் போகும்போது அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கதவு பூட்டித்தான் இருந்தது. இரண்டு சுற்று.

உள்ளே எய்னர் தூங்கிக்கொண்டிருந்தான், வாயைத் திறந்து. ஒன்றும் ஆகவில்லை. அவள் சமையலறையில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். தேர்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். "எழுந்து போனவங்களத் திரும்ப உள்ள விடமாட்டாங்க. சொல்லித்தான் உக்கார வச்சாங்க" என்றாள். வேலைக்குத் திரும்பிப் போனோம். பரீட்சை எப்படி என்று கேட்டவர்களிடம் "முடிஞ்சுது" என்று சொன்னாள். அது பொய் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மடல் வந்தது. வழக்கம்போலப் பெட்டிகளில் போட்டேன். அடித்தளத்துக்கு உள்ளதை எடுத்துக்கொண்டு கீழே போனபோது கெர்டா ஏற்கெனவே ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"படி" என்றாள்.

படித்தேன். 'அடித்தளத்தின் கெர்டா லௌரிட்சன் கணினி லைசென்ஸ் தேர்வில் தேறிவிட்டார்! அடித்தளத்தில் முதல் ஆள்! வாழ்த்துகள்! கேக் எப்போது, கெர்டா?'

மடலை எழுதுகிறவள் பிர்தே. நல்ல பெண், சிரித்த முகம், எதற்கும் அவசரம். விடுமுறைக்கு முன்னால் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று, முடிவு வரும்வரை காத்திராமல், வகுப்பில் சேர்ந்தவர்கள் பட்டியலைப் பார்த்தே எழுதிவிட்டாள். வகுப்பில் சேர்ந்தவள் தேறத்தானே செய்வாள் என்று நினைத்திருப்பாள். அவளுக்கு எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"மேல போய்ச் சொல்லிட்டு வந்துடு. தப்பா போட்டுட்ட, நான் எழுதலன்னு. ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"போறேன்" என்றாள். போனாள்.

அவள் போனது சொல்லத்தான். அதற்கு நான் சாட்சி. ஆனால் பிர்தேயின் அறை மூன்றாவது மாடிக் கோடியில். படியில் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். நடையில் ஒருத்தி கட்டிப்பிடித்தாள். அறை வாசலில் ஹென்னிங்கே நின்றிருந்தான். "இருபத்தாறு வருஷம் கீழ இருந்த ஆளு! மத்தவங்களுக்கு இதத்தான் சொல்லப் போறேன்!" என்று அவள் தாழ்ந்த தோளில் கை வைத்தான். உள்ளே இருந்து பிர்தே, "கேக் எப்ப கெர்டா?" என்று கத்தினாள்.

"வியாழக்கெழம" என்றாள் கெர்டா.

கீழே வந்து இதைச் சொல்லிவிட்டு, "நான் சொல்லல. என் வாய் சொல்லிடுச்சு" என்றாள். அலமாரியில் மூன்று தட்டுத் தட்டினாள். "உள்ள ஆள் இருக்கா?" என்று கத்தினாள். குரல் எங்கோ போய்த் திரும்பி வந்தது. சக்கரத்தைச் சுற்றினாள்.

வியாழக்கிழமை கனவு கேக் கொண்டுவந்தாள். தேங்காய்த் துருவலையும் பழுப்புச் சர்க்கரையையும் வெண்ணெயில் உருக்கி மேலே ஊற்றிச் சுடுகிற கேக். ஒரு முழத் தட்டு. பதினைந்து நிமிஷத்தில் தட்டு காலியாகிவிட்டது. நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மடலில் போட்டதைக்கூடத் திருத்திவிடலாம். கேக் வயிற்றுக்குள் போன பிறகு திருத்த முடியாது. அத்தனை பேரையும் ஏமாற்றித் தின்ன வைத்தவள் என்று ஆகிவிடும்.

ஈஸ்டர் முடிந்து முதல் நாள், தபால் பையைப் பிரித்தபோது பயிற்சிக்கூடத்து முத்திரை போட்ட உறை ஒன்று இருந்தது. 'கெர்டா லௌரிட்சன், பணியாளர் பிரிவு வழியாக.' அந்த வழியாகப் போகிற எதையும் பணியாளர் பிரிவு பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கும். தேறவில்லை என்று எழுதியிருக்கும், ஹென்னிங் படிப்பான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எடுத்து வேன் இருக்கைக்கு அடியில் செருகினேன்.

அவளிடமாவது கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை என்று பலமுறை யோசித்துவிட்டேன். அந்த வாரம் அவள் தூங்கவே இல்லை. இன்னொரு பயம் எதற்கு என்று நினைத்தேன். அதோடு, அலுவலகக் கடிதத்தில் நல்ல சேதி வந்து என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. பார்க்காததால் பிரிக்கவும் இல்லை.

அந்த வசந்தத்தில் நாடே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பதினோரு நாள் பேருந்து இல்லை, கடையில் ரொட்டிக்கு ஈஸ்ட் இல்லை. எய்னர் தொலைக்காட்சியைப் பார்த்து, "நான் சொன்னேன்ல மேஸ்திரி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பதினோரு நாள் மட்டும் அவன் சொன்னதும் நடந்ததும் ஒன்றாக இருந்தன.

வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் ஹென்னிங் கெர்டாவைக் கூப்பிட்டான். இந்தமுறை மெழுகுவர்த்தி மட்டும் இல்லை, மேசையில் துலிப் பூவும் வைத்திருந்தானாம். லைசென்ஸ் உள்ள ஆளைக் கீழே வைத்திருப்பது வீண். ஜூன் முதல் தேதியிலிருந்து மேலே புத்தகம் கடன் கொடுக்கும் மேடைக்கு வந்துவிடு. அங்கே சாயங்கால நேரத்துக்குத்தான் ஆள் இல்லை. மதியம் மூன்றரையிலிருந்து இரவு ஒன்பது வரை என்றான்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"கீழயே இருக்கேன்னு சொன்னேன். 'பயப்படாத கெர்டா, நீ வளந்துட்ட, உனக்கே தெரியல'ங்கறான். ஹோல்கர், நான் வளரலடா, தேறலடான்னு அவன் முகத்துக்கு நேரா கத்தணும்போல இருந்துது."

"கத்தியிருக்கணும்."

"கத்தினா பட்டியல். கத்தலன்னா நாலு மணிக்கு மேல எய்னர யாரு பாப்பா? நீ சொல்லு. ரெண்டு பக்கமும் அலமாரி நகந்து வருது, எந்தச் சக்கரத்தப் பிடிக்கறது?"

ஜூன் முதல் தேதி, திங்கட்கிழமை, வேறு வழியில்லாமல் எய்னரைக் கையோடு நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். கோட்டுச் சட்டை போட்டு, தலை வாரி, படிப்பறையில் கடைசி மேசையில் உட்கார வைத்து, விலங்குகளின் எலும்புப் படம் போட்ட பெரிய புத்தகம் ஒன்றை அவன் முன்னால் விரித்து வைத்தாள். பார்த்தால் ஓய்வு பெற்ற பேராசிரியர் மாதிரி இருந்தான். நான் வேன் வேலையை முடித்துவிட்டு வாசலில் நின்றேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஐந்து மணி வரை பக்கம் புரட்டினான். பிறகு எழுந்தான். வரிசையாகக் குனிந்து படித்துக்கொண்டிருந்த மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நடந்தான். ஒவ்வொரு முதுகிலும் கட்டைவிரலால் விலாவை அழுத்தி, சத்தமாக எண்ணினான். "ஒண்ணு. ரெண்டு. இது எளசு. நாலு." ஒரு பெண் அலறினாள். நாற்காலிகள் இழுபட்டன. பிர்தே மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

"கெர்டா, யாரு இந்த ஆளு? உனக்குத் தெரியுமா?"

கெர்டா மேடைக்குப் பின்னாலிருந்து வந்தாள். எய்னரைப் பார்த்தாள். எய்னர் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"தெரியாது" என்றாள். "யாரோ வெளியாளு. நான் வாசல்ல கொண்டுபோய் விட்டுர்றேன்."

அவன் முழங்கையைப் பிடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேனில் ஏறினதும் எய்னர் கேட்டான், "அந்தப் பொம்பள நல்ல பொம்பள. புதுசா சேந்தவளா மேஸ்திரி?"

செவ்வாய்க்கிழமை உடம்பு சரியில்லை என்று போன் போட்டு வீட்டிலேயே இருந்தாள். எத்தனை நாள் அப்படிப் போட முடியும்? புதன்கிழமை காலை நான் அவளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், வேனைக் கடல் பார்த்து நிறுத்தி, இருக்கைக்கு அடியிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். எது எழுதியிருந்தாலும் இதைவிட மோசமாக இருக்காது என்று நினைத்தேன்.

அவள் பிரித்துப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

தேர்வின் நடுவே உடல்நலக் குறைவாலோ வேறு காரணத்தாலோ வெளியேறியவர்களுக்கு ஒரே ஒருமுறை மறுதேர்வு. கட்டணம் இல்லை. மே இருபத்தெட்டு, காலை பத்து மணி. அன்று வரத் தவறினால் செப்டம்பரில் முதலிலிருந்து வகுப்பில் சேர வேண்டும்.

"இது எப்ப வந்துச்சு?"

"ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள்."

"அப்ப ஆறு வாரம் என் காலுக்குக் கீழயே இருந்திருக்கு. தெனம் காலையில இதுமேலதான் ஒக்காந்து வந்திருக்கேன்."

"ஆமா."

"இன்னைக்கு என்ன தேதி?"

"மூணு."

ஒரு மீன்பிடிப் படகு உள்ளே வந்தது. அதன் பின்னால் கடற்காக்கைகள். அவள் அது கரை சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டு. நல்லா திட்டிடு" என்றேன்.

"எதுக்கு? திட்டினா தேதி திரும்பிடுமா?"

"நான் போய் ஹென்னிங்கிட்ட சொல்லிர்றேன். கடுதாசிய எடுத்தது நான்தான்னு."

"கேக் செஞ்சது யாரு, நீயா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "யோசிச்சுப் பேசு கெழவா. நீ சொன்னா தபாலத் திருடினான்னு உன்ன அனுப்புவான். பொய் சொன்னான்னு என்ன அனுப்புவான். அப்புறம் மூணு பேரும் வீட்ல ஒக்காந்து ஸ்ட்ரைக் பண்ணலாம்."

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

"மூணு மணியிலேர்ந்து ஒம்பதரை வரைக்கும் எய்னர்கூட இரு."

"நாலரை வரைக்கும் எனக்கு வண்டி இருக்கே."

"வண்டிய விடு."

கையில் இருக்கிற பையைக் கீழே வை என்பது மாதிரி சொன்னாள். எனக்கு அறுபத்துமூன்று வயது. முன்கூட்டியே ஓய்வு எடுக்கிற வயது எப்போதோ வந்துவிட்டது. ஆனாலும் அறுபத்தேழு வரை ஓட்டலாம் என்று இருந்தேன். அந்த வேனைத் தவிர எனக்கு வேறு இருக்கிற இடம் கிடையாது. பெண்டாட்டி போய் ஒன்பது வருஷம். இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"சரி" என்றேன்.

மிச்சம் இருந்த விடுமுறையை அன்றிலிருந்தே எடுத்தேன். ஜூன் கடைசியில் மடலைப் போட மட்டும் ஒரு நாள் போனேன். அந்தத் தடவைதான் மடலை நின்று படித்தேன். 'நம் ஓட்டுநர் ஹோல்கர் ஜூலை முதல் தேதி ஓய்வு பெறுகிறார். மீன்பிடிக்கவும் தோட்டத்தைக் கவனிக்கவும் நேரம் வேண்டுமாம்! கேக் எப்போது, ஹோல்கர்?'

எனக்குத் தோட்டம் கிடையாது. தூண்டில் கிடையாது. பிர்தே என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓய்வு பெறுகிற ஆண்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. தொண்ணூற்றிரண்டு பெட்டியிலும் என் கையாலேயே போட்டேன்.

வியாழக்கிழமை காலை, எய்னர் தூங்குகிற நேரத்தில், கேக் கொண்டுபோனேன். எனக்குச் சுடத் தெரியாது, கெர்டாதான் செய்து கொடுத்தாள். அதே கனவு கேக். ஹென்னிங் இரண்டு வார்த்தை பேசினான். ஒரு தூண்டில் பரிசாகக் கொடுத்தார்கள்.

"என்ன மீன் பிடிக்கப் போற ஹோல்கர்?" என்றாள் பிர்தே, வாயில் தேங்காயோடு.

"மாட்டறத" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எதிர்ப்பக்கம் கெர்டா தன் துண்டைச் சின்னச் சின்னதாக வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த மடலில் ஒரு வரி இருந்தது: மேடைப் பணியில் கெர்டா பிரமாதம், ஆகஸ்டிலிருந்து புதியவர்களுக்கு அவரே கணினி சொல்லிக் கொடுப்பார்.

இப்போது தினமும் மூன்று மணிக்கு நான் மேலே போகிறேன். நான் உள்ளே நுழைந்ததும் கெர்டா வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவாள். சாவி உள்ளே இருந்தால், எங்கே வைத்தாலும், எய்னர் கண்டுபிடித்துவிடுகிறான். எல்லாம் போன மூளையில் அது மட்டும் போகவில்லை. உருளைக்கிழங்கு தோல் சீவுகிறோம். வானொலி கேட்கிறோம். காற்று துறைமுகப் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலை மூடிவிடுவேன், இறைச்சிக்கூடத்து வாசம் வந்தால் அவன் எழுந்துவிடுவான். தூண்டில் மூலையில் சாத்தியிருக்கிறது. அது எதற்கு என்று அவன் தினமும் கேட்கிறான்.

நேற்றும் நாலு மணிக்கு எழுந்தான். கதவுக்குப் போய்க் கைப்பிடியைத் திருகினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கதவு ஏன் பூட்டியிருக்கு மேஸ்திரி?"

"ஸ்ட்ரைக், எய்னர்."

"பூட்டினது நாமளா, அவங்களா?"

இத்தனை நாளில் அவன் இதைக் கேட்டதில்லை. நான் உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஒன்பதரைக்கும் வெளியே வெளிச்சம் இருந்தது. படியில் காலடிச் சத்தம், ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக. வாசலில் நின்றது. கதவில் மூன்று தட்டு.

"உள்ள ஆள் இருக்கா?"

"ரெண்டு பேரு இருக்கோம்" என்றேன்.

சாவி திரும்பியது.